முதல் மடக்கு

தம்ளர் கவிழ்ந்தால்தான் அந்தத் தெருவில் குடம் நகரும். காலையில் தண்ணி ரூமின் கதவைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, முதல் குழாயடியில் எவர்சில்வர் தம்ளரைப் பிடிப்பாள் தண்ணியக்கா. வாயில் வைத்து மடக்கு மடக்கென்று குடிப்பாள். குடித்து முடித்ததும் தம்ளரைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் வரிசையில் முதல் ஆள் குனிந்து குடத்தைத் தூக்குவார். யாரும் போட்ட சட்டமில்லை இது. போட்ட சட்டத்தையெல்லாம் காற்றில் பறக்கவிடுகிற ஜனங்கள் இதை மட்டும் ஒரு நாளும் மீறியதில்லை.

பழக்கம் வந்த கதை சின்னதுதான். தண்ணி ரூமைத் திறந்துவைத்த அன்று ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், கைதட்டினார்கள். குழாயைத் திறந்தபோது ஒருத்தரும் குடத்தோடு கிட்டே வரவில்லை. நீல உருளைகளுக்குள் புகுந்து மருந்து கலந்து வருகிற தண்ணீரை நம்பி வயிற்றுக்குள் விட யாருக்கும் துணிச்சலில்லை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார் என்று பேர் வாங்கிய பெரியவர்கூட ஒதுங்கி நின்றார். அப்போது அவள்தான், அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தவள், தம்ளரை எடுத்து எல்லார் முன்னாலும் குடித்தாள். தெரு அவள் தொண்டையையே பார்த்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. அவள் விழவில்லை என்றதும் வந்து பிடித்துக்கொண்டு போனது. மறுநாளும் அவள் குடித்ததைப் பார்த்த பிறகே குடத்தை எடுத்தார்கள். அப்படியே பழகிப்போயிற்று. நாளாக நாளாகத் தொண்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தம்ளர் கவிழ்கிறதா என்று பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது. கேட்டின் ஆரம்பம் அதுதான்.

தண்ணி ரூம் என்பது மூடிப்போன ஆலையின் மதிலை ஒட்டிய ஒற்றை அறை. உள்ளே மணல் தொட்டி, நீல உருளைகள், கிருமியைக் கொல்லுகிற ஊதா விளக்கு, குளோரின் மருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற பிளாஸ்டிக் குப்பி. கூரைமேல் வெயிலில் மின்சாரம் எடுக்கிற கண்ணாடிப் பலகைகள். பணம் கடல் தாண்டி வந்தது. வாசல் போர்டில், பிஞ்சுக் கைகள் இரண்டு தண்ணீரை ஏந்துகிற படம் போட்டு, ‘தூய நீர், நீடித்த வளர்ச்சி’ என்று எழுதியிருந்தது. திட்டத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மோட்டார் போனால் மாற்று மோட்டார், விளக்கு போனால் மாற்று விளக்கு, வால்வுக்கு வாஷர் டப்பா டப்பாவாக, எல்லாம் பெட்டி கட்டி அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். அறையை ஓட்டுகிற மனுஷிக்கு மட்டும் மாற்று வைக்கவில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அவளை அந்த வேலைக்கு எடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. மழலை தெளிந்து, வாசல்படி தாண்டி ஓடத் தொடங்கியிருந்த வயசில், ஆலைக்குப் பின்னாலிருக்கிற குட்டைத் தண்ணீரால் வாந்திபேதி வந்து செத்துப்போயிற்று. அந்தக் காலத்தில் தெரு முழுக்க அந்தக் குட்டையைத்தான் குடித்தது. கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அரசாங்கத்து நர்ஸ் வீடு வீடாகக் கத்திக்கொண்டிருந்தாள். திட்டத்தின் மேற்பார்வையாளர், எப்போதும் திட்டத்தின் முத்திரை போட்ட தொப்பியோடு வருவதால் தெருவுக்குத் தொப்பிக்காரர், இந்தக் கதையைக் கேட்ட உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவே ஊருக்குத் தண்ணி குடுக்கறாங்க. இவங்களை விடப் பொருத்தமான ஆள் யாரு?” என்றார். கேட்டவர்களுக்கும் சரியென்றுதான் பட்டது.

அதனால் அவளுக்கு இரண்டு வேலை. ஒன்று தண்ணீர் விடுவது. இன்னொன்று, பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் குழந்தை செத்த கதையைச் சொல்வது. ஜீப்பில் வருவார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்வார்கள், அவள் நின்றுகொண்டு சொல்வாள், தொப்பிக்காரர் அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்வார். முதல் தடவை சொல்லும்போது அழுதுவிட்டாள். நன்றாக இருந்தது என்று பாராட்டினார்கள். பிற்பாடு அழுகை வரவில்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரி வந்தது. அதற்கும் தொப்பிக்காரர் தனியே கூப்பிட்டு, “வேகமா முடிச்சிடறீங்கம்மா, கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க” என்று பக்குவமாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரிடம் கதை கேட்டார்கள், அவர் இவளிடம் கேட்டார். ஆறிவருகிற புண்ணின் பொருக்கை வருகிறவன் போகிறவனெல்லாம் நகத்தால் கிள்ளிப் பார்த்தால் என்ன ஆகும் என்று அந்தச் சங்கிலியில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

ஒரு தடவை வந்த கூட்டத்தில், நரைத்த தலையும் அன்பான முகமுமாக ஒரு அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். தொப்பிக்காரர் அதை இவளிடம் திருப்பிச் சொன்னார். “அன்னைக்கு ஏன் தண்ணியக் கொதிக்க வைக்கலைன்னு கேக்கறாங்க.”

நாற்காலிகள் எல்லாம் அவளைப் பார்த்துக் காத்திருந்தன. அடுப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது என்றாள் அவள். பாவம் என்பதுபோல அந்த அம்மாள் தலையாட்டினாள். ஜீப் கிளம்பிப் போயிற்று.

அடுப்பில் எண்ணெய் இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும். அன்று வேலைக்குப் போய்வந்த அலுப்பில் கண் சொருகிக்கொண்டு வந்தது. குழந்தை தண்ணீர் கேட்டது. ஒரு நாள்தானே என்று குடத்திலிருந்து அப்படியே மொண்டு கொடுத்தாள். இந்தக் கையால்தான் கொடுத்தாள். இத்தனை வருஷமாக இதை அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் தனக்குள்ளே அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தாள். அந்த நல்ல அம்மாள் தெரியாமல் கல்லைப் புரட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் குழாயைத் திருகும்போது கையில் ஏதோ ஒட்டியிருப்பது போலிருந்தது. கழுவினாள். மோட்டார் சுவிட்சைத் தொட்டதும் மறுபடி ஒட்டியது. மறுபடி கழுவினாள். சில நாட்களில் அது தெளிவான எண்ணமாகிவிட்டது: என் கை பட்டால் தண்ணீர் கெட்டுப்போகும். இது பைத்தியக்கார எண்ணம் என்று அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் போகவில்லை. சோதனைக் குப்பியில் தண்ணீரை எடுத்து மருந்து சொட்டினால் வெளிர்மஞ்சள் வரும்; வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். வந்தது. குப்பியைப் பிடித்தது இந்தக் கைதானே, அப்புறம் எப்படி நம்புவது என்று தோன்றியது. இன்னொரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை. வரிசையில் நிற்கிறவர்கள், அக்கா என்ன பண்றாங்க உள்ளே என்று கழுத்தை நீட்டத் தொடங்கினார்கள்.

பயத்துக்கு மருந்தாக அவள் குளோரின் சொட்டைக் கொஞ்சம் வேகப்படுத்தினாள். தன் கை தண்ணீரில் விட்ட எதையும் அது கொன்றுவிடும் என்று ஒரு கணக்கு. தண்ணீரில் நெடி ஏறியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பேய் தன் மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டு எங்கே ஓடுவது?

வீட்டில் புருஷன் வெல்டர். பட்டறையில் பொறி தெறிக்கிற வேலை செய்துவிட்டு வந்து, வீட்டுக்குள் தானும் ஒரு இரும்பு மாதிரி உட்கார்ந்திருப்பான். நல்லவன்தான், பேச்சுதான் குறைவு. உங்கள் தண்ணீரை நீங்களே மொண்டு குடியுங்கள் என்று அவள் சொன்னபோது, ஊருக்கெல்லாம் ஊற்றுகிற கைக்கு வீட்டில் வேலைநிறுத்தமா என்று கிண்டல் செய்தான். சிரிக்காமல் அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டதை அவன் கவனித்தான். கவனித்துவிட்டு விட்டுவிட்டான். ஒரு நாள் அவள் வாய்விட்டே சொன்னாள்.

“ஏங்க, எனக்கு பயமா இருக்கு. நான் குடுக்கற தண்ணியில யாராவது செத்துடுவாங்கன்னு தோணிக்கிட்டே இருக்கு.”

“டெஸ்ட்டுல சரியாத்தானே வருது? அப்புறம் என்ன பயம்? நல்லா சாப்பிட்டுத் தூங்கு, சரியாப் போயிடும்” என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். விரிசல் விட்டால் பற்றவைப்பான். கண்ணுக்குத் தெரியாத விரிசலை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சுகாதார நிலையத்துக்குப் போனாள். தூக்கமில்லை, படபடப்பு என்றாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தொப்பிக்காரரிடம் கொஞ்ச நாள் லீவு கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெரிய பார்வையாளர்கள் வரப்போகிறார்கள், அடுத்த கட்டப் பணம் வருவதும் வராததும் அவர்கள் கையில் இருக்கிறது, இந்த நேரத்தில் இந்தத் தண்ணி ரூமின் முகமே போய்விட்டால் எப்படி என்றார். மேலும், நீங்கள் குடிக்காவிட்டால் இந்தத் தெரு குடிக்காதே அம்மா என்றார். அது உண்மைதான். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அவள் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளால் விழுங்க முடியாமல் போயிற்று. தம்ளர் வாய்க்குப் போகும், தண்ணீர் உள்ளே வரும், தொண்டை பூட்டிக்கொள்ளும். குடிக்காமலிருந்தால் தெரு கலைந்து குட்டைக்குப் போய்விடும். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எவர்சில்வர் தம்ளர், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒரே ஒரு மடக்கு பிடித்து, வாய்க்குள் அடக்கிக்கொண்டு, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மோட்டாரைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போவாள். பின்கதவைத் திறந்தால் சாக்கடை. அங்கே குனிந்து துப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வருவாள். அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தாள்.

அவள் புருஷனுக்கு ஒரு தங்கை, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். வேலை தேடி வெளியூர் போன அந்தத் தங்கையின் புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். ஒரு சின்னக் குழந்தையோடு அண்ணன் நிழலில் இருந்தாள். தெருவே தண்ணியக்கா என்று கூப்பிட, நாத்தனார் மட்டும் அண்ணி என்பாள். அந்தக் குழந்தைக்குத் தெரு வைத்த பேர் சிட்டு. தண்ணி ரூமைப் பூட்டிவிட்டு வரும்போது சிட்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்வருவது அவளுடைய வழக்கம். கொஞ்ச நாளாக அதுவும் நின்றுபோயிருந்தது. சிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவரும்; அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்து அண்ணாந்து பார்க்கும். நாத்தனாருக்கு அது சுருக்கென்று தைத்தது. தன் குழந்தை போன ஏக்கத்தில் என் குழந்தையைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

ஒரு காலை, சிட்டுவின் செருப்பு பின்பக்கம் விழுந்துவிட்டதென்று நாத்தனார் மதிலைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்கதவு திறந்தது. அண்ணி குனிந்தாள். வாயிலிருந்த தண்ணீர் சாக்கடையில் விழுந்தது. ஒரு துளிகூட உள்ளே போகக்கூடாது என்பதுபோல இரண்டு மூன்று தடவை காறித் துப்பினாள். நாத்தனார் மதிலோடு மதிலாக ஒட்டி நின்றாள். செருப்பை எடுக்காமலே திரும்பிப் போனாள்.

அப்போதே ஏன் அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணியிடம் முகத்தை முறித்துக் கேட்க மனசு வரவில்லை என்று பின்னால் சொன்னாள். வீட்டுக்குப் போய், பிடித்துவந்த தண்ணீரில் துணி துவைத்தாள். சிட்டுவுக்குக் குட்டையிலிருந்து ஒரு குடம் மொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எதேச்சையாகப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஏற்கெனவே தண்ணீரில் மருந்து நெடி ஏறியிருந்ததை எல்லாரும் கவனித்திருந்தார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்று முடிவுகட்டினார்கள்.

ஆனால் அந்தத் தெரு மரியாதை தெரிந்த தெரு. அதுதான் வினையாயிற்று. வேறு ஜனங்களாக இருந்தால் கூடி நின்று சண்டை போட்டிருப்பார்கள். இல்லையென்றால் தண்ணி ரூமுக்கு வருவதையாவது நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் இரண்டும் செய்யவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவள், இத்தனை வருஷம் நமக்காக முதல் மடக்கு குடித்தவள், அவள் மனசு நோகக்கூடாது என்று எண்ணினார்கள். ஆகவே காலையில் வழக்கம்போல வந்தார்கள். வழக்கம்போல வரிசை. வழக்கம்போல அக்கா தம்ளரைக் கவிழ்த்தாள். வழக்கம்போல குடம் நகர்ந்தது. வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள், தரை துடைத்தார்கள். வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவராக, பேசிவைத்துக்கொள்ளாமல், ஆலைக்குப் பின்னால் போய்க் குட்டையில் மொண்டுவந்தார்கள். கொதிக்கவைக்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. உள்ளே அவள் நடித்தாள், வெளியே தெரு நடித்தது. இடையில் நல்ல தண்ணீர் தரை துடைத்துக்கொண்டிருந்தது.

தொப்பிக்காரர் வந்து மீட்டரைப் பார்த்தார். வழக்கமாக ஓடுகிற அளவு ஓடியிருந்தது. வரிசையைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார்.

முதலில் தெருமுனையில் ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு. பிறகு எதிர்வீட்டில். பிறகு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகக் காலி. தெருவில் அந்தப் பழைய நாற்றம் வரத் தொடங்கியது. வாந்தியும் பினாயிலும் கலந்த நாற்றம். தண்ணியக்காவுக்கு அது மறக்கிற நாற்றமா? தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். கை வேலையைக் காட்டிவிட்டது. குளோரின் குப்பியை முழுக்கத் திறந்துவிட்டாள். நெடி தெருமுனை வரை அடித்தது. தெரு இன்னும் வேகமாகக் குட்டைக்கு நடந்தது.

பெரிய பார்வையாளர்கள் வருவதற்கு முந்தின நாள் சிட்டுவுக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. அண்ணனும் தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்கள். வாசலில் நின்றபடி அவள் பார்த்தாள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்த முகம் அவளுக்கு அத்துபடியான முகம். ஆட்டோவில் ஏறிக்கொள் என்று புருஷன் கூப்பிட்டான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

காலையில் ஜீப்புகள் வந்தன. நாற்காலி போட்டாயிற்று, கேமரா வந்தாயிற்று. நோயாளிக் குழந்தைகளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, அக்காவுக்கு அவமானமாகிவிடக்கூடாதே என்று தெரு முழுக்கக் குடத்தோடு வந்து நின்றது. இவ்வளவு நீள வரிசையைத் தொப்பிக்காரரே பார்த்ததில்லை. அவர் அவள் பக்கம் குனிந்து, முதலில் குடிப்பது, அப்புறம் கதை என்று நினைவுபடுத்தினார்.

அவள் தம்ளரைப் பிடித்தாள். ஒரு மடக்கு வாய்க்குள் போயிற்று. கவிழ்த்துக் காட்டினாள். கேமராக்கள் சொடுக்கின. உள்ளே போகலாமென்று திரும்பியபோது, சிட்டுவை ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் விட்டுவிட்டு, சாலையிலிருந்து நாத்தனார் நடந்துவருவது தெரிந்தது. அவிழ்ந்த தலை, காலில் செருப்பில்லை. நேரே வரிசையைப் பிளந்துகொண்டு வந்து அண்ணியின் முன்னால் நின்றாள்.

“டாக்டர் எந்தத் தண்ணி குடுத்தேன்னு கேட்டார் அண்ணி. உங்க தண்ணி இல்ல. குட்டைத் தண்ணி குடுத்தேன். நீங்க துப்பினதைப் பாத்தேன், அதான் குடுத்தேன். இங்க நிக்கறவங்க யாருமே உங்க தண்ணியக் குடிக்கல.”

தண்ணியக்கா வரிசையைப் பார்த்தாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயில் தண்ணீர் இருந்தது. விழுங்கிப் பார்த்தாள். தொண்டை திறக்கவில்லை. தெரு மொத்தமும், முதல் நாள் பார்த்ததுபோல, அவள் தொண்டையைப் பார்த்தது. அவள் அங்கேயே, எல்லார் கண் முன்னாலும், ஜீப்பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் துப்பினாள்.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு” என்றாள். “நான்தான் நல்லா இல்ல. ரொம்ப நாளா என் கையப் பாத்தா எனக்கு பயம். என் பொண்ணுக்கு நான்தான் கொதிக்க வைக்காம குடுத்தேன். அடுப்புல எண்ணெய் இருந்துச்சு. எனக்குத் தூக்கம் வந்துச்சு, குடுத்துட்டேன். அது என் மனசுல கிடந்து இப்படி ஆக்கிடுச்சு. அதுக்காக நீங்க குட்டைக்குப் போகாதீங்க. தண்ணிமேல எந்தத் தப்பும் இல்ல.”

பார்வையாளர்கள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். தொப்பிக்காரர் எச்சிலை விழுங்கினார். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறாள் என்று அவர்கள் பாஷையில் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள்.

அவளைப் புரிந்துகொண்டது தெருதான். அன்றிலிருந்து குட்டைப் பக்கம் யாரும் போகவில்லை. குளோரின் சொட்டை அளவாக வைத்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவும் வைத்தார்கள். படுத்திருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. சிட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை. பார்வையாளர்கள் வந்த அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

வெல்டர் வாய்விட்டு அழுததை அன்றுதான் தெரு பார்த்தது. இரண்டு பேரையும் நான்தான் கவனிக்காமல் விட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதான். துக்கம் கொஞ்சம் அடங்கியதும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, மனைவியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். மனசுக்குப் பார்க்கிற டாக்டர் அங்கேதான் இருந்தார், அவர் ஒருத்தர்தான் இருந்தார், அவர் வாசலில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. அவர் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். இது ஒரு நோய், இதற்கு மருந்து உண்டு, பேச்சும் ஒரு மருந்து என்றார். ரத்தம் கம்மி என்று அவர் சொல்லவில்லை. மாதங்கள் போயின. முதலில் புருஷனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்; அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்தான். கையைக் கழுவுவது குறைந்தது. தொண்டையும் மெல்ல மெல்லத் திறந்தது.

இதற்குள் அவள் வேலையை விட்டிருந்ததால் தண்ணி ரூமுக்குப் புது ஆள் வேண்டியிருந்தது. தொப்பிக்காரர் தெருவுக்கு வந்து விசாரித்தார். நாத்தனாரின் கதையைக் கேட்டார். கேட்ட உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவங்களை விடப் பொருத்தமான ஆள் யாரு?” என்றார்.

தண்ணியக்கா நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள். வேண்டாம் என்று சொன்னாள். வேலைக்குப் போவதானாலும் போ, கதை மட்டும் சொல்லாதே என்றாள். நாத்தனார் மூலையில் மடக்கிவைத்திருந்த சின்னப் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தால் அதுதான் கண்ணில் படுகிறது அண்ணி, நான் வேறு எங்கே போவேன் என்றாள். ஜீப் வரப்போகிற நாளைத் தொப்பிக்காரர் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார்.

பார்வையாளர்கள் வந்து போன மறுநாள் காலையில் தண்ணியக்கா வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். தண்ணி ரூமின் கதவு திறந்தது. மோட்டார் ஓடியது. நாத்தனார் குழாயடியில் தம்ளரைப் பிடித்து, வாயில் வைத்து, எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். பின்னால் நின்றவர்கள் குடத்துக்குக் குனிந்தார்கள். தம்ளரைப் பார்க்காமல் தொண்டையைப் பார்த்தவள் தண்ணியக்கா ஒருத்திதான். அது அசையவில்லை.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் மதிலைச் சுற்றி ஓடினாள். பின்கதவு திறந்துகொண்டிருந்தது. நாத்தனார் கன்னம் உப்ப, சாக்கடையைப் பார்த்துக் குனியப் போனவள், அண்ணியைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

“துப்பிடும்மா, பரவாயில்ல. நாளைக்கே நாம பஸ் ஏறிடலாம்” என்று சொல்லி, தண்ணியக்கா அவள் வாய்க்கு நேரே தன் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள்.